காணி உறுதி இல்லாதவர்கள் எங்கே இருப்பது?

யாழ்ப்பாணத்தில் வீடில்லாதவர் என்று எவரும் இல்லை என்ற கருத்தை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அண்மையில் ஒரு கூட்டத்தில், ஊர்ப்பணிகளில் நீண்டகாலம் ஈடுபட்டவரும் நான் மதிப்பவருமான ஒரு பெரியவர் அதை இன்னும் அழுத்திச் சொன்னார்: "கொழும்பில, சென்னையில மாதிரி எங்கட ஊரில தெருவோரத்தில படுக்கிற சனம் இல்லை. எங்கட சமூகம் ஒருத்தரையும் அப்பிடிக் கைவிடாது." கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். பேச்சு அத்துடன் வேறு விடயத்துக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்த வாக்கியம் இறங்கவில்லை. அதை மறுப்பதற்கு என்னிடம் அன்று புள்ளிவிவரம் எதுவும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த முகங்கள்தான் இருந்தன.

அவர் சொன்னதில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உண்மை உண்டு. இரவில் ஆஸ்பத்திரி வீதியாலோ கஸ்தூரியார் வீதியாலோ போகிறவர், கடைவாசல்களில் வரிசையாகப் படுத்திருப்பவர்களைக் காணமாட்டார். எங்கள் மாவட்டத்தில் வீடில்லாதவர்கள் பிறருடைய கூரைகளின் கீழே இருக்கிறார்கள். தங்கையின் வீட்டு விறாந்தையில், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவரின் வளவில் காவலுக்கென்று விடப்பட்ட பின்னறையில், யாரோ ஒருவருடைய காணியில் போட்ட தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியை அன்னதானக் கந்தன் என்கிறோம். அங்குள்ள மடங்களுக்கு நேர்த்திக்கென்று வந்து, திரும்பிப் போக இடமில்லாமல் தங்கிவிட்டவர்களை அடியார்கள் என்று நினைத்துக் கடந்து போகிறோம். மனநல விடுதிகளில் பணிபுரிபவர்களைக் கேட்டால், சிகிச்சை முடிந்தும் கூட்டிப்போக ஆளில்லாமல் இருப்பவர்களைப் பற்றிச் சொல்வார்கள். இவர்களில் எவரும் தெருவில் இல்லை. ஆனால் நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டிய இடத்திலேயே எல்லோரும் படுக்கிறார்கள்.

என்னுடைய நினைவில் முன்னுக்கு வந்து நின்றவர் மயிலிட்டியைச் சேர்ந்த ஓர் அம்மா. 1990 ஆனியில் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர் இளம்பெண். தகப்பனார் சம்மாட்டியின், அதாவது வள்ளச் சொந்தக்காரரின், வள்ளத்தில் கூலிக்குத் தொழிலுக்குப் போனவர். அவர்களுடைய கொட்டிலும் சம்மாட்டியின் காணியிலேயே இருந்தது. அதன் பின்னர் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி முகாம்கள், 1995 இல் எல்லோருடனும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, மீண்டும் முகாம். கலியாணம், கணவரின் இறப்பு, பெற்றோரின் இறப்பு எல்லாமே தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழேதான் நடந்தன. 2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டபோது, ஊர்ச்சனம் காணி உறுதிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பற்றைக்குள் எல்லைக் கற்களைத் தேடியது. அவரும் போனார். தேடுவதற்கு அவருக்கென்று கல் இருக்கவில்லை. காணி சம்மாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குரியது. அவர்கள் கடல் கடந்து இருக்கிறார்கள்.

காணி உள்ளவர்கள் முகாமைவிட்டுப் போகப்போக, முகாம் தானாகவே காணியில்லாதவர்களின் இடமாகிவிட்டது. இதை நான் ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டமாக மட்டும் பார்க்கவில்லை. 1990 க்கு முன்னரே யாரிடம் காணி இருந்தது, யார் மற்றவருடைய காணியில் குடியிருந்தார்கள் என்பதைச் சாதியும் தொழிலும் தீர்மானித்திருந்தன. இடப்பெயர்வு எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தது போலத் தோன்றியது. மீள்குடியேற்றம் வந்தபோது பழைய வரிசை திரும்பி வந்தது.

படிவம்

பின்னர் அந்த அம்மா முகாமைவிட்டு ஓர் உறவினர் வீட்டுக்குப் போய், அங்கே இடம் போதாமல், கொக்குவிலில் பூட்டிக்கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்னறையில் காவலாகக் குடியேறினார். முற்றம் கூட்டுவது, விளக்கு வைப்பது, மாமரத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர்கள்தான். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் குடும்பமாக வரும்போது, அந்த 25 நாளும் அதற்கு முன்பின்னான நாட்களும் பின்னறை தேவைப்படும். அந்தக் காலத்தில் அவர் ஒரு பையுடன் சந்நிதி மடத்துக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் விருந்தினரால் நிரம்பும் மாதத்தில் அவர் இருப்பிடத்தை இழப்பது ஆண்டுதோறும் நடந்தது.

ஒருமுறை புதிய வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அவருடன் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கடுமையானவர் அல்லர். கதிரை எடுத்துப் போட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டவர். படிவத்தில் முதற்கேள்வி காணி யாருடைய பெயரில் உள்ளது என்பது. அடுத்தது குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர் என்பது. மூன்றாவது நிரந்தரப் பதிவு எந்தக் கிராம அலுவலர் பிரிவில் என்பது. காணி இல்லை, அங்கத்தவர் ஒருவர், பதிவு இன்னும் பழைய முகாம் இருந்த பிரிவில். உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, நான் என்ன செய்யிறது, சுற்றுநிருபத்தில அப்பிடித்தான் கிடக்கு. தனியாள் எண்டால் புள்ளியும் காணாது" என்றார். வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "இருக்க இடமில்லை எண்டுதானே பிள்ளை வந்தனான். இடம் இருக்கோ எண்டு கேக்கினம்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே திருப்பிச் சொன்னார். ஆனால் எனக்கு அந்த இடத்தில்தான் விடயம் பிடிபட்டது. எங்களுடைய வீட்டுத்திட்டங்கள் சேதமடைந்த வீடுகளைத் திருப்பிக் கட்டுவதற்காக எழுதப்பட்டவை. வீடு இருந்து அழிந்தவருக்கு அவை பொருந்தும். ஒருபோதும் வீடு இருந்திராதவர் அந்தப் படிவத்துக்குள் வரவே முடியாது.

கட்டிய வீடுகளும் கட்டாத வீடுகளும்

அந்தத் திட்டங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 45,000 வீடுகளுக்கு, புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வீதம், பணத்தைப் பயனாளியின் கையிலேயே கட்டம் கட்டமாகக் கொடுத்தது. எந்த மேசனைப் பிடிப்பது, சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்பதைக் குடும்பமே தீர்மானித்தது. அதனால்தான் அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பயனாளிகளைத் தெரிவுசெய்த புள்ளி முறை பெரிய குடும்பங்களுக்குச் சாதகமாகவும், தனித்திருக்கும் முதியவர்களுக்கும் பிள்ளையில்லாதவர்களுக்கும் பாதகமாகவும் இருந்தது என்ற முறைப்பாடு ஊருக்கு ஊர் எழுந்தது. உதவிப்பணத்தில் கட்டிமுடிக்க இயலாமல் நகையை அடகுவைத்து, கடன்பட்டு முடித்த பெண்தலைமைக் குடும்பங்களையும் எல்லோருக்கும் தெரியும். பின்னர் 2019 இன் ஆட்சிமாற்றத்தோடு வேறொரு அரச திட்டத்தின் மிகுதிக் கொடுப்பனவுகள் நின்றுபோயின. முதற்கட்டப் பணத்தை நம்பி இருந்த கொட்டிலைப் பிரித்தவர்கள் அத்திவாரத்துக்கும் அரைச்சுவருக்கும் இடையில் நின்றார்கள். ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் விற்ற சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டபோது அந்தச் சுவர்கள் அப்படியே நின்றுவிட்டன.

முஸ்லிம் மக்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. 1990 ஐப்பசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது ஒரு வீடும் ஓர் உறுதியுமாக இருந்த குடும்பம், புத்தளத்தில் ஒரு தலைமுறை வளர்ந்த பின்னர் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பியது. சோனகத் தெருவில் இருப்பது அதே சிறிய துண்டுக் காணிதான். திட்டம் ஓர் உறுதிக்கு ஒரு வீடு என்று கணக்கிட்டால், திரும்பி வந்த சகோதரர்களில் ஒருவர் மட்டுமே திரும்பியவராவார்.

எல்லாத் திட்டங்களுக்கும் பின்னால் ஓர் எண்ணம் பேசப்படாமலே இருக்கிறது: வீடு என்றால் அது சொந்தக் காணியில், சொந்தப் பெயரில் இருக்கவேண்டும். சீதனத்தோடும், யாழ்ப்பாணத்தாரின் சொத்து வழக்கச் சட்டமான தேசவழமையோடும் வளர்ந்த எங்களுக்கு அது மிக இயல்பான எண்ணம். வாடகைக்கு இருப்பது இடமாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உரியது என்று நினைக்கிறோம். ஆகவே, குறைந்த வருமானமுள்ளவர் நிம்மதியாக, எழுத்திலான ஒப்பந்தத்துடன், கட்டக்கூடிய வாடகைக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கலாம் என்ற ஏற்பாடு எங்கள் திட்டங்களில் எங்கும் இல்லை. தனியாரிடம் போனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்கிறார்கள். தனித்த பெண்ணுக்கோ நோயாளிக்கோ சாதி விசாரித்த பிறகு வீடு இல்லை என்கிறார்கள். 2016 இல் காணியற்ற முகாம் மக்களுக்காகக் கீரிமலையில் 100 வீடுகளுடன் நல்லிணக்கபுரம் அமைக்கப்பட்டது. காணியில்லை என்பது தாண்டமுடியாத தடையன்று என்பதை அரசே அங்கு காட்டியது. அதை ஒருமுறை நிகழ்ந்த விழாவாக விட்டுவிட்டோம்.

முதலில் வீடு

வேறு நாடுகளில் இதே கேள்விக்கு எப்படி விடை தேடினார்கள் என்று நான் வாசிக்கத் தொடங்கியதும் அந்தப் படிவத்தினால்தான். நியூயோர்க்கில் 1992 இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், தெருவில் வாழ்ந்த மனநோயாளர்களுக்கு நிபந்தனையின்றி முதலில் வீட்டைக் கொடுத்தார். அதுவரை அங்கிருந்த முறை படிப்படியானது: குடியை நிறுத்து, மருந்தை ஒழுங்காக எடு, விடுதியில் நல்லபடி இருந்து காட்டு, பிறகு வீடு. அவர் வரிசையைத் திருப்பினார். சாதாரண அடுக்குமாடியில் ஒரு வீடு, அவர்களுடைய பெயரில் ஒப்பந்தம், வீட்டுக்கே வந்துபோகும் ஓர் உதவிக்குழு. கனடா இதை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் ஈராயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பரீட்சித்தது. எங்கள் ஊரின் பாதி உறவினர் வாழும் ரொறொன்ரோவும் அவற்றில் ஒன்று. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு கிடைத்தவர்களில் 62 விழுக்காட்டினர் முழுக்காலமும் வீட்டிலிருந்தார்கள். வழமையான சேவைகளுக்கு விடப்பட்டவர்களில் அது 31 விழுக்காடு.

பின்லாந்து இதை ஒரு நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 2008 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், வரிசையாகக் கட்டில் போட்டிருந்த இரவுத்தங்கல் விடுதிகளை மூடி, அவற்றையே தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள். ஹெல்சிங்கியில் 250 கட்டில்களோடு இருந்த ஒரு விடுதி 81 வீடுகளானது. பணியாளர்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். நகரின் பல பாகங்களில் வீடுகளை வாங்கி வாடகைக்குக் கொடுக்கும் அறக்கட்டளையொன்று அங்கே 1985 முதல் இயங்குகிறது. 2008 இற்கும் 2015 இற்கும் இடையில் நீண்டகாலமாக வீடின்றி இருந்தோர் தொகை 35 விழுக்காடு குறைந்தது. அண்மையில் சமூக உதவிகள் வெட்டப்பட்ட பின்னர், பல ஆண்டுகளாகக் குறைந்துவந்த எண்ணிக்கை 2024 இல் மீண்டும் கூடியதையும் சொல்லவேண்டும். ஒருமுறை கட்டிக்கொடுத்துவிட்டுக் கைகழுவும் வேலையாக இதை எடுத்தால் நிலைக்காது.

பின்லாந்தின் பணம் எங்களிடம் இல்லை என்பதை யாரும் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. அதனால்தான் சென்னைக்கு அருகில் நடப்பது எனக்கு அதிக நம்பிக்கையைத் தருகிறது. அங்கே 1993 முதல் இயங்கும் தி பான்யன் என்ற அமைப்பு, தெருவிலிருந்து மீட்கப்பட்டு நீண்டகாலம் மனநல நிலையத்திலேயே தங்கிவிட்ட பெண்களை, 2015 முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. வீட்டில் உதவிக்கு ஒருவர் இருப்பார். சந்தைக்குப் போவதும், என்ன சமைப்பது என்று தீர்மானிப்பதும், அயலவரோடு சண்டை வந்தால் பேசித் தீர்ப்பதும் அந்தப் பெண்களே. புதிய கட்டடம் ஒன்றும் கட்டப்படவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த வீடுகளே போதுமாயின.

பூட்டிய கேற்றுகள்

எங்கள் ஊரிலும் வீடுகள் இருக்கின்றன. கொக்குவில், உரும்பிராய், உடுவில், வடமராட்சி என்று எந்த ஒழுங்கையால் போனாலும் பூட்டிய கேற்றும் உயர்ந்த மதிலும் உள்ள வீடுகளைக் காணலாம். ஏன் வாடகைக்குக் கொடுப்பதில்லை என்று தெரிந்த சிலரிடம் கேட்டிருக்கிறேன். பணம் தேவையில்லை என்பது முதற்காரணம். அதற்கு அடுத்த காரணம் பயம்: இருப்பவர் எழும்பமாட்டார், பத்து வருடம் போனால் ஆட்சியுரிமை கேட்பார். இந்தப் பயம் வெறுங்கற்பனையன்று. எதிரிடையாக, அதாவது உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை பிறக்கும் என்பது 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். போரினால் வரமுடியாதிருந்த உரிமையாளர்களைக் காக்க 2016 இல் தனிச்சட்டமே கொண்டுவர நேர்ந்தது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தால் குடியிருப்பவரை எழுப்ப முடியாமற்போன கதைகளும் குடும்பங்களில் வழங்குகின்றன.

ஆனால் சட்டத்தைச் சற்று நின்று பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. உரிமையாளரின் அனுமதியோடு, வாடகை செலுத்தி இருப்பவருடைய இருப்பு எதிரிடையான ஆட்சியாகாது. எழுத்தில் எதுவுமே இல்லாமல் காவலுக்கென்று ஒருவரை விட்டுவைப்பதுதான் இரு பக்கத்துக்கும் ஆபத்தானது. ஒரு பிரதேச சபையோ நம்பிக்கைப் பொறுப்பாக அமைந்த பொது அமைப்போ நடுவில் நின்று, உரிமையாளரிடமிருந்து நொத்தாரிசு முன்னிலையில் ஐந்தாண்டுக் குத்தகைக்கு வீட்டை எடுத்து, திருத்தி, வீடில்லாதவர்களுக்குத் தாங்கக்கூடிய வாடகைக்குக் கொடுக்கலாம். தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு உரிமையாளர் அற்றோர்ணித் தத்துவம் கொடுத்தால் நேரில் வரவேண்டிய அவசியமும் இல்லை. கூரை ஒழுகாமல், கறையான் பிடிக்காமல் வீடு காக்கப்படும். குடியிருப்பவருக்கும் தவணை முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். திருவிழாவுக்கு யார் வந்தாலும் அவர் பையைத் தூக்கவேண்டியதில்லை. புலம்பெயர்ந்தோர் கோயில் கோபுரங்களுக்கும் பாடசாலை மண்டபங்களுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஊர்ச்சங்கங்கள் வாடகையின் மீதியை ஈடுசெய்ய ஒதுக்கினால், இதைத் தொடங்க எந்த வெளிநாட்டு அரசின் நிதியும் தேவைப்படாது. குருநகர்த் தொடர்மாடி போல எல்லோரையும் ஒரே கட்டடத்தில் சேர்த்து, பிறகு அந்தக் கட்டடத்தின் பெயரே ஒரு வசையாக மாறும் நிலைமையும் வராது.

வீட்டோடு ஓர் ஆள்

கொக்குவில் பின்னறைக்குப் போன புதிதில் அந்த அம்மாவுக்கு இரவில் நித்திரை வரவில்லை. முப்பது வருடம் நாற்புறமும் குரல்களோடு வாழ்ந்தவர். கதவைப் பூட்டினால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி அயல்வீட்டு விறாந்தையில் போய்ப் படுத்திருக்கிறார். அடையாள அட்டை தொலைந்து போனதால் மாதாந்த உதவிப்பணம் நின்றது. நீரிழிவு கிளினிக்குக்குப் போவதை இரண்டு தடவை விட்டபிறகு மறுபடி போக வெட்கப்பட்டார். வீட்டுச்சாவி இவற்றில் ஒன்றையும் தீர்க்காது. யாரோ ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வந்து, பதிவை மாற்ற ஒரு நாள் கிராம அலுவலரிடம் கூடப்போய், கிளினிக் அட்டையைத் தேடி எடுத்துக்கொடுத்து, வேறொரு நாள் சும்மா இருந்து கதைத்துவிட்டுப் போகவேண்டும். தனியாக இருக்கப் பயந்தால், அவரைப் போன்ற இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே வீட்டில் இருக்க விருப்பமா என்று கேட்கவேண்டும். இப்படி ஒருவரைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. பிரதேச செயலகங்களில் சமூகசேவை உத்தியோகத்தர்களும் உளவளத்துணையாளர்களும் பட்டதாரிகளான அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இத்தகைய வேலையை விரும்பிச் செய்யக்கூடியவர்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இன்று அவர்களுடைய நேரம் விவரம் சேகரிப்பதிலும் படிவம் நிரப்புவதிலும் போகிறது. அவர்களில் ஒருவருக்குப் பத்து வீடுகளைப் பொறுப்பாகக் கொடுத்து, அந்தப் பத்து வீடுகளிலும் ஆண்டு முடிவில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அவரிடம் கேட்கலாம்.

எத்தனை வீடுகள் கையளிக்கப்பட்டன என்பதை நாடா வெட்டும் படத்தோடு பத்திரிகையில் வாசிக்கிறோம். முகாம்களிலிருந்து வெளியேறியவர்களில் காணியில்லாதவர்கள் இப்போது எங்கே படுக்கிறார்கள் என்பதை எந்தப் பிரதேச செயலகமும் வெளியிட்டு நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் பேசிய அந்தப் பெரியவர் செல்வாக்குள்ளவர். அவர் சொன்னால் ஊர்ச்சங்கம் கேட்கும். அவரைச் சந்தித்து இந்தக் கணக்கெடுப்பைத் தங்களுடைய பிரிவிலேனும் தொடங்கும்படி கேட்டிருக்கிறேன். விறாந்தை, பின்னறை, மடம், விடுதி, மற்றவர் காணிக் கொட்டில் என்று ஐந்து நிரல்களோடு ஒரு தாளும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பூட்டிய வீடுகளுக்கு ஆறாவது நிரல் ஒன்றை அவரே பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தார்.